வேட்பாளர் விவாதத்தைக் கூடிப் பார்த்து, பார்த்தவர்கள் கருத்தைப் பதிவு செய்வது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான முழு வழிகாட்டி

தேர்தல் நெருங்கினால் செய்தித் தொலைக்காட்சிகள் தொகுதி தொகுதியாக வண்டி கட்டிக்கொண்டு வரும். ஒரு கல்யாண மண்டபம், மேடையில் நான்கைந்து வேட்பாளர்கள், எதிரே கட்சிக்கொரு கூட்டம். ஒளிபரப்பான மறுநாள் காலையில் பேருந்து நிலைய டீக்கடையில் போய் “யார் நல்லா பேசினாங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படிக் கிடைப்பது விவாதத்தைப் பற்றிய கருத்து அல்ல. இரவு வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோவைப் பற்றியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சத்தமாகச் சொன்னதைப் பற்றியும் எழுந்த கருத்து. உண்மையான கருத்து வேண்டுமென்றால் விவாதம் முடிந்த முதல் பத்து நிமிடத்துக்குள், யாரும் வாய் திறப்பதற்கு முன், ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியாக வாங்கிவிட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றுவதற்கானவை. கல்லூரி மாணவர்கள், உள்ளூர் நிருபர்கள், வாசகர் வட்டங்கள், இளைஞர் மன்றங்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான்கு பேர் இருந்தால் போதும்.

பத்து நிமிடத்துக்கு ஏன் இத்தனை பாடு

1976 அக்டோபர் 6 அன்று அமெரிக்க அதிபர் ஃபோர்டு, எதிர்வேட்பாளர் கார்ட்டருடன் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிரவே பார்வையாளர்களைக் கேட்டபோது ஃபோர்டுதான் சற்று முன்னால் இருந்தார். அந்தப் பேச்சு பலருக்கு உறைக்கவே இல்லை. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதையே பிடித்துக்கொண்டு பேசியபின் மறுநாள் கேட்டால், கார்ட்டர்தான் வென்றார் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். பார்த்தது ஒரே விவாதம்தான். இடையில் வந்தது விமர்சகர்களின் பேச்சு.

விவாதம் ஓடும்போதே சில பார்வையாளர்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று காட்டி, திரையின் அடியில் ஏறி இறங்கும் கருத்துக் கோடு இன்னும் மோசம். பிரிட்டனில் ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைத் தாங்களே மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். கோடு யார் பக்கம் ஏறியதோ அவர்தான் நன்றாகப் பேசினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஆகவே உங்கள் அறையில் நேரலை வாக்கெடுப்பு, கருத்துக் கோடு, யூடியூப் உரையாடல் பெட்டி எதுவும் திரையில் தெரியக் கூடாது.

நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. எதுகை மோனையும் சிரிப்பும் வந்தால் கை தானாகத் தட்டும், நடுவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்று மனம் காத்திருக்கும். வேட்பாளர் விவாதத்தில் நடுவர் தீர்ப்பு கிடையாது, ஆனாலும் பலர் நெறியாளர் முகத்தைப் பார்த்தே யார் ஜெயித்தது என்று முடிவு செய்கிறார்கள். இதை மனதில் வைத்துத்தான் கேள்விச் சீட்டைத் தயாரிக்க வேண்டும்.

முதலில் தேதியையும் சட்டத்தையும் பாருங்கள்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 126-இன்படி, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்தப் பகுதியில் தேர்தல் தொடர்பான எதையும் தொலைக்காட்சி போன்ற கருவிகளில் பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது. வாக்குப்பதிவு செவ்வாய் மாலை 6 மணிக்கு முடிகிறது என்றால், ஞாயிறு மாலை 6 மணிக்குமேல் பழைய விவாதத்தின் பதிவைக்கூடக் கூட்டம் கூட்டிப் போட முடியாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. கருத்துக்கணிப்பு மாதிரி எதையும் அந்த 48 மணி நேரத்தில் வெளியிடவும் கூடாது. கருத்துப் பதிவு, சரிபார்ப்பு, எழுத்து எல்லாம் முடிய ஒரு வாரம் ஆகும். ஆகவே வாக்குப்பதிவுக்குப் பத்து நாளுக்கு முன்பாவது ஒளிபரப்பாகும் விவாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நடத்தை விதி அமலில் இருக்கும்போது அரசுப் பள்ளி, ஊராட்சி மன்றக் கட்டடம், நூலகம் ஆகியவை வேண்டாம். தனியார் மண்டபம், டியூஷன் சென்டர், யாராவது வீட்டு மாடி போதும். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. முப்பது பேருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. இரண்டு சாதாரண ஸ்பீக்கரை அறைக்குள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

டீ, போண்டா செலவு உங்களுடையதாக இருக்கட்டும். “நம்ம அண்ணன் பார்த்துக்குவாரு” என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். வேட்பாளர் தரப்புக் காசில் டீ குடித்தால், நீங்கள் எழுதும் எதையும் எதிர்த்தரப்பு நம்பாது. பறக்கும் படை வந்தால் விளக்கம் சொல்லவும் முடியாது.

நேரலையா, பதிவா?

இதை விசாரிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். தொகுதி விவாதங்களில் பல, பகலில் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, வேறொரு நாள் ஒளிபரப்பப்படுபவை. அதில் ஒரு வேட்பாளர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாததுபோல் தெரிந்தால், அவர் நழுவினாரா, பதில் வெட்டப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது. அத்தகைய நிகழ்ச்சியில் “பதில் சொல்லவில்லை” என்று எழுதாமல் “ஒளிபரப்பில் பதில் இல்லை” என்று எழுதுங்கள். படப்பிடிப்புக்கு நேரில் போனவர்களைப் பார்வையாளராகச் சேர்க்காதீர்கள். அவர்கள் பார்த்தது வேறு நிகழ்ச்சி.

நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரத்துக்கு 12 நிமிடம் வரை விதிப்படி போகலாம். மீதி 48. நெறியாளரின் பேச்சும் பார்வையாளர் கேள்வியும் 10 நிமிடம் என்று வைத்தால் 38. நான்கு வேட்பாளர் என்றால் தலைக்கு ஒன்பதரை நிமிடம். அதில் வாழ்த்து, தலைவர் பெயர், கூட்டணி நன்றி எல்லாம் போனால் தொகுதியைப் பற்றிப் பேச ஆறேழு நிமிடம் மிஞ்சும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஏமாற்றம் குறையும்.

அறை

இருபது பேர் வரை 43 இன்ச் டிவி போதும். அதற்குமேல் என்றால் 55 இன்ச், அல்லது 3,000 லூமென் அளவிலான புரொஜெக்டரும் இருட்டாக்கக்கூடிய அறையும் வேண்டும். வெள்ளைச் சுவரே திரை. தகரக் கூரை மண்டபத்தில் பேச்சு எதிரொலிக்கும், கடைசி வரிசைக்கு ஒன்றும் புரியாது. சன்னலிலும் பின்சுவரிலும் போர்வையோ தார்ப்பாயோ தொங்கவிட்டால் பாதி எதிரொலி அடங்கும்.

கேபிள் இணைப்பையே முதலில் நம்புங்கள். யூடியூப் நேரலை கேபிளைவிடப் பின்தங்கி ஓடும், சில சமயம் அரை நிமிடத்துக்கு மேல். அறையில் யூடியூப் ஓடி, பக்கத்து வீட்டில் கேபிள் ஓடினால், கைதட்டல் முன்னால் வரும், பேச்சு பின்னால் வரும். மாற்று ஏற்பாடாக மட்டும் யூடியூபை வேறொரு செல்போனில் தயாராக வையுங்கள். டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிடுங்கள். டிவிக்கு மட்டும் கொடுத்து பாக்ஸை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. கரண்ட் போய் ஐந்து நிமிடத்துக்குமேல் விட்டுப்போனால் அந்தப் பகுதியைப் பற்றிய கேள்விகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாரை அழைப்பது

24 முதல் 30 பேர். அதற்குமேல் போனால் பத்து நிமிடத்தில் எல்லோரிடமும் வாங்க முடியாது.

தெரிந்தவர்களை அழைத்தால் ஒரே தெரு, ஒரே கட்சி, ஒரே வயது வந்து நிற்கும். முதலில் கட்டங்களைப் போட்டு, பிறகு ஆட்களைத் தேடுங்கள். பாலக்கோடு பக்கம் என்றால் தக்காளி விவசாயி, மண்டியில் வேலை செய்பவர், கறவை மாடு வைத்திருக்கும் பெண்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வருபவர், முதல் முறை வாக்களிக்கப்போகும் மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர். பென்னாகரம், அரூர் பக்கம் மலைக்கிராமத்தார் இல்லாமல் பட்டியல் முழுமையாகாது. ஓசூரில் தொழிற்பேட்டைத் தொழிலாளியும் வாடகைக்குக் குடியிருப்பவரும் கட்டாயம் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதில் சமரசம் வேண்டாம். இரவு எட்டு மணி விவாதத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள் என்பது பாதிதான் உண்மை. சமையல் முடிக்க நேரமிருக்கும்படி முன்கூட்டியே சொல்லி, குழந்தைகளை உட்காரவைக்க ஒரு பாயும், திரும்பிப் போக வண்டியும் ஏற்பாடு செய்தால் வருவார்கள்.

கட்சிப் பொறுப்பில் இருப்பவர்களை அழைக்காதீர்கள். மீறி ஒருவர் வந்துவிட்டால் விரட்ட வேண்டாம். நாற்காலி கொடுங்கள், டீ கொடுங்கள், சீட்டு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஓசூர், வேப்பனஹள்ளி, தளி தொகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுபவர்கள் ஏராளம். தமிழில் கேட்டால் தமிழில் இரண்டு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்வார்கள். அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டால் ஐந்து நிமிடம் பேசுவார்கள். கருத்தைப் பதிவு செய்யும் பதிவாளர் நால்வரில் ஒருவராவது அந்த மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சீட்டு

அரைத் தாள் அளவு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், ஊர், சாதி, கட்சி எதுவும் சீட்டில் வேண்டாம். வயதை 18–30, 31–50, 50-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தால் போதும்.

விவாதத்துக்கு முன் கொடுக்கும் சீட்டில் இரண்டே கேள்வி:

1. உங்க ஊருக்கு இப்ப அவசரமா ஆக வேண்டியது எது? ஒண்ணு மட்டும்.
2. அதைப் பத்தி இவங்கள்ல யார் பேசுவாங்கன்னு நினைக்கிறீங்க?

முடிந்தபின் கொடுக்கும் சீட்டில் நான்கு:

1. நீங்க சொன்ன அந்தப் பிரச்சனையைப் பத்தி யாராவது பேசினாங்களா? யாரு? என்ன சொன்னாங்க?
2. கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்னது யாரு?
3. கேக்க நல்லா இருந்துச்சு, ஆனா நம்ப முடியலைன்னு தோணினது எது?
4. முன்னாடி தெரியாத ஒரு விஷயம் ஏதாவது தெரிஞ்சுதா?

“யார் ஜெயிச்சாங்க” என்ற கேள்வி இங்கே இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். அதைக் கேட்டால் பழைய கட்சி விசுவாசம்தான் பதிலாக வரும். “யாருக்கு ஓட்டுப் போடுவீங்க” என்று எந்த வடிவிலும் கேட்காதீர்கள், ஜாடையாகவும் கூடாது. பேச்சு அழகை ஒதுக்கிவைத்துப் பதிலை எடைபோட வைப்பது இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும்தான். பட்டிமன்றக் காதுக்கு மருந்து அவை.

எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் புளியங்கொட்டை முறை நன்றாக வேலை செய்கிறது. ஆளுக்குப் பத்துக் கொட்டை. வேட்பாளர் ஒருவருக்கு ஒரு காகிதக் குவளை, மேலே அவர் படம். சின்னம் ஒட்டக் கூடாது. சின்னத்தைப் பார்த்ததும் கை தானாக அங்கே போய்விடும். மறைப்புக்கு ஒரு அட்டைப் பெட்டி. “நேரா பதில் சொன்னவங்களுக்கு எத்தனை கொட்டை தோணுதோ போடுங்க, யாருக்கும் இல்லைன்னா கையிலேயே வெச்சுக்கோங்க” என்று சொல்லுங்கள். ஒருவர் போட்டதும் எண்ணிக் குறித்துக் குவளையைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்தவரை அழைக்க வேண்டும். இல்லையென்றால் நிறைந்திருக்கும் குவளையைப் பார்த்து அதிலேயே அடுத்தவரும் போடுவார்.

விவாதம் ஓடும்போது

பதிவாளர்கள் நால்வருக்கும் வேலையைப் பிரித்துவிடுங்கள். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச்: எந்த வேட்பாளர் எத்தனை நொடி பேசினார் என்பது மட்டும். இரண்டாமவர் கேள்வியும் பதிலும் குறிப்பார். முழுவதும் எழுத முடியாது. நேரம், ஆள், கேள்வி, பிறகு ஒரு குறியீடு: ‘ப’ என்றால் பதில், ‘ந’ என்றால் நழுவல், ‘தா’ என்றால் எதிராளியைத் தாக்கியது, ‘வா’ என்றால் வாக்குறுதி, ‘எ’ என்றால் எண்ணோ தேதியோ சொன்னது. கடைசிக் குறியீடு விழுந்த இடமெல்லாம் பின்னால் சரிபார்க்க வேண்டிய இடம். மூன்றாமவர் திரையைப் பார்க்கவே கூடாது, அறையைப் பார்க்க வேண்டும்: எப்போது சிரித்தார்கள், எப்போது முனகினார்கள், எப்போது செல்போனை எடுத்தார்கள். நான்காமவர் வாசலிலும் இன்வெர்ட்டரிலும்.

திரையில் கேட்கும் கைதட்டலை அறையின் கைதட்டலோடு கலந்துவிடாதீர்கள். மண்டபத்தில் தட்டுவது வேட்பாளர் கூட்டிவந்த கூட்டம். அறையில் யாரும் தட்டாதபோது மண்டபம் அதிர்ந்த இடங்களைத் தனியாகக் குறியுங்கள். உங்கள் அறிக்கையில் சுவையான பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

செல்போன்களை ஒரு கூடையில் வாங்கிவைக்கலாம் என்று தோன்றும். கட்டாயப்படுத்தினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். “முடியற வரைக்கும் வாட்ஸ்அப் மட்டும் வேண்டாம்ங்க” என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.

முடிந்த அந்த நொடி

நெறியாளர் நன்றி சொன்னதும் டிவியை அணையுங்கள். ஒலியைக் குறைத்தால் போதாது, அணைக்க வேண்டும். அடுத்து வரும் விமர்சகர் முகம் தெரிந்தாலே போதும், கதை கெட்டுவிடும். சீட்டுகளை முன்பே எண் வரிசையில் அடுக்கி வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடலாம். எழுத ஐந்து நிமிடம். புளியங்கொட்டைக்காரர்களுக்கு இரண்டு மறைப்பு இருந்தால் பத்து பேரை அதற்குள் முடிக்கலாம். சீட்டுகள் எல்லாம் கைக்கு வந்தபிறகுதான் டீ. டீயை முன்னால் கொடுத்தால் பேச்சு தொடங்கிவிடும், பேச்சு தொடங்கினால் நீங்கள் வாங்குவது ஒரே ஆளின் கருத்தின் முப்பது பிரதிகள்.

பிறகு பேசவிடுங்கள், அரை மணி நேரம். வட்டமாக உட்காரவைத்து, வயதில் இளையவரிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் தொடங்குங்கள். “நீங்க சொல்லுங்க பெரியப்பா” என்று ஊர்ப் பெரியவரிடம் ஆரம்பித்தால் மற்றவர்கள் “அவரு சொன்னதுதாங்க” என்று முடித்துவிடுவார்கள். சொன்னதைச் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். “குடிநீர் விநியோகம் குறித்த அதிருப்தி” என்று நீங்கள் எழுதுவதும், “பைப்பு இருக்குது, தண்ணி வர மாட்டேங்குது” என்று அவர் சொன்னதும் ஒன்றல்ல.

சொன்னதைச் சரிபார்ப்பது

பார்வையாளர் கருத்தை மட்டும் வெளியிட்டு, வேட்பாளர் சொன்னது சரியா என்று பார்க்காமல் விட்டால், நன்றாகப் பொய் சொன்னவருக்கு நீங்களே விளம்பரம் செய்தவர்கள் ஆவீர்கள். ‘எ’, ‘வா’ குறியிட்ட இடங்களை எடுத்து, ஒவ்வொன்றிடமும் முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: இது யார் கையில் இருக்கிறது?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நல்ல உதாரணம். “நாங்கள்தான் கொண்டுவந்தோம்” என்று இரண்டு தரப்பும் சொல்லும். 2008-இல் அடிக்கல் நாட்டியது தி.மு.க. ஆட்சி, 2013-இல் தொடங்கிவைத்தது அ.தி.மு.க. ஆட்சி, கடன் கொடுத்தது ஜப்பானின் ஜைக்கா நிறுவனம். இரண்டு தரப்பும் சொல்வதில் ஒரு பாதி உண்மை. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் வந்த திட்டம் அது. ஆகவே கேட்க வேண்டியது யார் கொண்டுவந்தார் என்பதை விட, இன்ன ஊர்க் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான்.

தருமபுரி–மொரப்பூர் ரயில் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ரயில்வே ஒன்றிய அரசுடையது, நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில வருவாய்த் துறை. சட்டமன்ற வேட்பாளர் “ஆறு மாதத்தில் ரயில் விடுவேன்” என்றால் அது அவர் கையில் இல்லாத வேலை. ஓசூர் விமான நிலையம் 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது, 2,000 ஏக்கர் என்று. பெங்களூரு விமான நிலையத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டி விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. தேதி சொல்லும் வேட்பாளர் இதைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று குறிப்பைப் புரட்டுங்கள். கிருஷ்ணகிரி மாங்காய்க்கு “ஆதரவு விலை வாங்கித் தருவேன்” என்பதும் அடிக்கடி விழும் வாக்குறுதி. ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் மாம்பழம் இல்லை. விலை சரிந்தால் சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்ற வேறு வழிதான் உண்டு, அதற்கு மாநில அரசு கேட்க வேண்டும்.

பணம் பற்றிய வாக்குறுதிக்கு இரண்டு எண்களை நினைவில் வையுங்கள்: தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. “என் நிதியிலிருந்து மேம்பாலம்” என்பவர் கணக்குப் போடவில்லை என்று தெரியும். சொத்து, வழக்கு பற்றி மேடையில் சண்டை வந்தால் வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இறக்கிப் பாருங்கள். எல்லோருடையதும் இருக்கும்.

எண்ணை எழுதும் விதம்

“30 பேரில் 19 பேர்” என்று எழுதுங்கள், “63 சதவீதம்” என்று எழுதாதீர்கள். சதவீதம் போட்டால் தொகுதி முழுவதும் அப்படித்தான் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். குலுக்கல் முறையில் எடுத்த 30 பேராக இருந்தாலே பிழை 18 சதவீதப் புள்ளி வரை இருபக்கமும் போகும். நீங்கள் தேடிப்பிடித்து அழைத்த 30 பேருக்கு அந்தக் கணக்குக்கூடப் பொருந்தாது. 2021-இல் கிருஷ்ணகிரி தொகுதியில் வெற்றி வித்தியாசம் 794 வாக்கு. முப்பது நாற்காலியிலிருந்து அதை யாரும் கணிக்க முடியாது.

நீங்கள் எழுதக்கூடியது வேறு. முன்சீட்டில் தண்ணீர் என்று எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் “யாருமே பேசலை” என்று பின்சீட்டில் எழுதினார்கள் என்பதை எண் வாரியாக ஒப்பிடுங்கள். மேடையில் எதற்கு எத்தனை நிமிடம் போனது என்ற ஸ்டாப்வாட்ச் கணக்கை அதன் பக்கத்தில் வையுங்கள். இந்த இரண்டு பட்டியலும் ஒத்துப்போவது அபூர்வம்.

கருத்துச் சொன்னவரை அடையாளம் காட்டாமல் எழுதுவது பெயரை நீக்குவதோடு முடிவதில்லை. “காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் பால் சொசைட்டி செயலாளர்” என்றால் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். “பால் ஊற்றும் விவசாயி ஒருவர்” போதும்.

மூன்றாம் நாள்

அதே ஆட்களில் பத்துப் பேரையாவது போனிலோ நேரிலோ பிடித்து, முதல் கேள்வியையும் மூன்றாவது கேள்வியையும் திரும்பக் கேளுங்கள். கூடவே “அதுக்கப்புறம் அதைப் பத்தி வீடியோ ஏதாவது பார்த்தீங்களா?” என்றும் கேளுங்கள். பதில் மாறியிருந்தால் அன்றைய சீட்டைத் திருத்தாதீர்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். விவாதத்தையே பார்க்காமல் துண்டு வீடியோ மட்டும் பார்த்த ஐந்தாறு பேரிடமும் கேட்டுச் சேர்த்தால், ஊரில் எந்த வரி சுற்றுகிறது, அது விவாதத்தில் எத்தனையாவது நிமிடத்தில், எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று காட்டலாம். பெரும்பாலும் அந்தக் கேள்வி துண்டு வீடியோவில் இருக்காது.

மூலச் சீட்டுகளை வாக்கு எண்ணிக்கை முடிந்து ஒரு மாதம் வரை பூட்டி வையுங்கள், யாராவது சந்தேகம் கேட்டால் எண்ணை வைத்துக் காட்டலாம். அழைப்புப் பட்டியலில் பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும், அதை மட்டும் சீட்டுகளோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்றாம் நாள் விசாரணை முடிந்ததும் அந்தப் பட்டியலைக் கிழித்துவிடலாம்.